டாங்கிக்கு ஒரு நியாயம், லேப்டாப்புக்கு ஒரு நியாயம்

1

2025 மார்ச் 7ஆம் தேதி இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு 24.8 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. நம் ராணுவத்தின் டி-72 டாங்கிகளில் இப்போது இருப்பது 780 குதிரைத்திறன் இன்ஜின். அதை இறக்கிவிட்டு 1,000 குதிரைத்திறன் இன்ஜின் ஏற்றப் போகிறார்கள். சில இன்ஜின்கள் முழுசாக வரும், சில பாகங்களாக வரும். அதோடு தயாரிப்புத் தொழில்நுட்பமும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குக் கைமாறும். ஊர்க்காரர்கள் வாயில் அதன் பெயர் ‘டேங்க் ஃபேக்டரி’.

டி-72 சோவியத் படையில் சேர்ந்தது 1970களில். ஆவடியில் அதை உரிமம் வாங்கித் தயாரிக்க ஆரம்பித்தது 1980களில். இங்கே வைத்த பெயர் ‘அஜேயா’. இதை வாசிக்கிற பலருடைய வயதைவிட அந்த வண்டிக்கு வயது அதிகம். அதற்குத்தான் இப்போது புது இதயம்.

இந்தச் செய்தி வந்த சமயத்தில், ஆவடி விமானப்படை நிலையத்தை ஒட்டி இருக்கிற முத்தாபுதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. 2016ல் அவன் அண்ணன் வாங்கிய கேமிங் லேப்டாப், இப்போது அவன் கைக்கு வந்திருக்கிறது. அவன் அதில் கேம் விளையாடுவதைவிட கேம் உருவாக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். பிளெண்டரில் ஒரு காட்சியை ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது பாதிதான் முடிந்திருக்கிறது.

“அண்ணா, மத்ததெல்லாம் நல்லாதான் இருக்கு. கிராபிக்ஸ் கார்டை மட்டும் எடுத்துட்டு வேற போட்டுக்கலாமா?”

“முடியாதுடா. சிப்பை போர்டுலயே சால்டர் பண்ணிட்டாங்க.”

அவன் அப்பா டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். “அந்தக் காலத்து வண்டிக்கு இன்ஜின் மாத்தறாங்க. பத்து வருஷப் பொட்டிக்கு மாத்த முடியாதா? என்னப்பா உங்க இன்ஜினியரிங்?”

சிரித்துக் கடந்துபோகலாம். ஆனால் அது ஒரு சரியான வரலாற்றுக் கேள்வி. 30 டன்னைத் தாண்டுகிற கவச வாகனத்தில் முடிவது, இரண்டரைக் கிலோ பெட்டியில் ஏன் முடியாமல் போனது? ‘லேப்டாப் சின்னது, அதான்’ என்பது பாதி பதில். மீதிப் பாதிக்கு ஆண்டுகளும் பெயர்களும் இருக்கின்றன.

2

கணினிக்குள் ‘ஸ்லாட்’ எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.

1977ல் வந்த ஆப்பிள் 2 கணினியில் 8 ஸ்லாட்டுகள் இருந்தன. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இரண்டு போதும் என்று எண்ணம்: ஒன்று பிரிண்டருக்கு, ஒன்று மோடத்துக்கு. வேறென்ன மாட்டப் போகிறார்கள்? வோஸ்னியாக் எட்டில் பிடிவாதமாக நின்றார். அந்த எட்டில் என்னவெல்லாம் வந்து உட்காரும் என்று அன்று அவருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் அவருடைய வாதத்தின் பலமே. 1984ல் ஜாப்ஸின் கை ஓங்கிய மெக்கின்டாஷ் வந்தபோது அதில் ஒரு ஸ்லாட்கூட இல்லை.

1981ல் ஐபிஎம் பிசி வந்தது. 5 ஸ்லாட்டுகள். மதர்போர்டில் திரைக்கான சர்க்யூட்டே கிடையாது. ஒரு டிஸ்பிளே கார்டு வாங்கிச் செருகினால்தான் திரையில் எழுத்து தெரியும். அதாவது, பிசி பிறந்தபோதே கிராபிக்ஸ் என்பது தனியாகக் கழற்றி மாட்டும் பொருளாகத்தான் இருந்தது. கூடவே ஐபிஎம் சர்க்யூட் வரைபடங்கள் அடங்கிய தொழில்நுட்பக் கையேட்டையும் விற்றது. அந்த ஸ்லாட்டுக்கு ஏற்ற கார்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது.

இதன் பலனை நம் ஊரில் அனுபவித்த இடம் ரிச்சி தெரு. ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ரேடியோ உதிரிபாகங்களில் ஆரம்பித்துக் கணினிக்கு வந்த அந்தத் தெருவும், பக்கத்து நரசிங்கபுரம் தெருவும், 1990களிலும் 2000களிலும் நடுத்தரக் குடும்பத்துப் பையன்களுக்கு இன்னொரு இன்ஜினியரிங் காலேஜ். ‘அசெம்பிள்டு சிஸ்டம்’ என்ற சொல்லே அங்கிருந்துதான் பல வீடுகளுக்குள் வந்தது. முதல் வருடம் காசு இல்லையா, ஆன்போர்டு கிராபிக்ஸ். அடுத்த வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் காசு வந்ததா, ஒரு கார்டு. ஒரே சமயத்தில் மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்களுக்கு ஸ்லாட் என்பது ஒருவிதத் தவணை முறை. வட்டி இல்லாத தவணை.

கார்டுகளும் வேகமாக மாறின. 1996ல் 3டிஎஃப்எக்ஸின் வூடூ. அடுத்து ஏஜிபி ஸ்லாட். 1999ல் என்விடியா தன் ஜீஃபோர்ஸ் 256ஐ ‘ஜிபியு’ என்று அழைத்து விற்றது, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 2004 வாக்கில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கடைக்கு வந்தது. அன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் இன்றைய கார்டைச் செருகினாலும் பொருந்தும். வேகம் குறையலாம், பழைய பயாஸ் முரண்டு பிடிக்கலாம், ஆனால் துளை அதே துளை. 20 வருடத்துக்கு மேலாக ஒரு தொழில்துறை முழுக்க ஒரு வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறது.

3

லேப்டாப்புக்கும் அந்த வாக்கைக் கொடுக்க ஒரு முயற்சி நடந்தது. பலருக்கு அது தெரியாது.

2004ல் என்விடியா எம்எக்ஸ்எம் என்ற வடிவத்தை அறிவித்தது. உள்ளங்கை அளவுக் கார்டு. அதில் ஜிபியுவும் அதன் நினைவகமும் இருக்கும். லேப்டாப்பின் மதர்போர்டில் உள்ள இணைப்பியில் சாய்வாகச் செருகி, படுக்கவைத்து, திருகு போட்டுவிடலாம். 2008ல் வந்த 3.0 பதிப்பில் இரண்டு அளவுகள்: 82க்கு 70 மில்லிமீட்டரில் ஒன்று, 82க்கு 105ல் பெரியது ஒன்று. ஆனால் இந்த 3.0 பதிப்பு முந்தைய பதிப்புகளோடு பொருந்தாது. முதல் விரிசல் அங்கேயே விழுந்துவிட்டது.

ஆனாலும் பல நல்ல லேப்டாப்புகளில் எம்எக்ஸ்எம் இருந்தது. கிளெவோ தயாரித்து வேறு வேறு பெயர்களில் விற்ற தடித்த கேமிங் லேப்டாப்புகள், எம்எஸ்ஐயின் ஜிடி வரிசை, டெல்லின் பிரிசிஷன், எச்பியின் இசட்புக் 17 போன்ற பணிநிலைய லேப்டாப்புகள். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் பிரிசிஷன் வாங்கியவர்களில் சிலர், அடிமூடியைக் கழற்றிய பிறகுதான் உள்ளே இப்படி ஒரு புதையல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

பிறகு ஏன் நிலைக்கவில்லை? ஏனென்றால் தரப்படுத்தியது பொருந்தும் இடத்தை மட்டும்தான், மற்றதை அல்ல. கார்டு செருகிக்கொள்ளும். ஆனால் சிப் இருக்கும் இடம் சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், லேப்டாப்பின் ஹீட்சிங்க் அதன்மேல் உட்காராது. ஹீட்சிங்க் உட்கார்ந்தாலும், லேப்டாப்பின் பயாஸ் அந்தக் கார்டை அடையாளம் காண வேண்டும். கண்டாலும், ஃபேனை எப்போது சுற்றவிட வேண்டும் என்று தெரிய வேண்டும். சார்ஜர் அந்த மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். 2010ல் வந்த ஆப்டிமஸ் ஏற்பாட்டில் பெரும்பாலான லேப்டாப்புகளில் திரையே இன்டெலின் கிராபிக்ஸோடு இணைக்கப்பட்டது. என்விடியா சிப் வரைந்த படத்தை அதன்வழியாகக் கடத்திவிட வேண்டும். இதில் எந்த இடத்தில் இடறினாலும் கறுப்புத் திரைதான்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. எம்எக்ஸ்எம் கார்டு கடையில் பெட்டியில் போட்டு விற்கிற பொருளாகப் பெரும்பாலும் வரவில்லை. பெரும்பாலும் லேப்டாப் கம்பெனிகளுக்கே மொத்தமாகப் போனது. உடைந்த லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய கார்டுதான் பெரும்பாலும் சந்தைக்கு வரும். கதவு இருந்தது, தெருதான் இல்லை.

4

ஜிபியுவை போர்டிலேயே பற்றவைப்பதன் ஆபத்து என்ன என்பதை உலகம் ஒருமுறை நேரடியாகப் பார்த்தது. 2008 ஜூலையில் என்விடியா, தன் பழைய லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் பேக்கேஜிங் பொருள் பலவீனமாக இருந்து செயலிழப்பதாகச் சொல்லி, வாரன்டி செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது.

நடந்தது இதுதான். சிலிக்கான் சில்லுக்கும் அதைத் தாங்கும் சின்னப் பலகைக்கும் நடுவே நுண்ணிய சால்டர் புள்ளிகள் இருக்கும். லேப்டாப் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும்போது இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் விரியும். அந்த இழுபறியில் புள்ளிகள் விரிசல் விட்டன. சிப் செத்தால் டெஸ்க்டாப்பில் கார்டைக் கழற்றி வீசலாம். லேப்டாப்பில் மொத்த மதர்போர்டும் போச்சு.

‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று போர்டு மாட்டிய கடைகளில் ஹீட் கன் சத்தம் கேட்ட காலம் அது. சிப்பைச் சுட்டால் திரை வரும். சில வாரம் ஓடும், மறுபடி போகும். ‘ரீபாலிங்’ செய்து, சிப்புக்கு அடியில் இருக்கும் சால்டர் உருண்டைகளைப் புதிதாக வைத்தும் பார்த்தார்கள். ஆனால் நோய் இருந்தது அடியில் உள்ள உருண்டைகளில் அல்ல. அதற்கும் மேலே, சில்லுக்கும் சின்னப் பலகைக்கும் இடையில். அங்கே எந்தக் கடைக்காரரின் கையும் எட்டாது. சூடுபட்டதில் விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டதை வைத்தியம் என்று நம்பினோம்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு தொழில்துறை கழற்றி மாட்டும் வடிவத்தின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பியது மெலிவின் பக்கம். இணைப்பியும் தனிக் கார்டும் உயரத்தைக் கூட்டும், செலவைக் கூட்டும். பற்றவைத்தால் இரண்டும் மிச்சம். 2015ல் ஏலியன்வேர் 17லும் ஜிபியு போர்டோடு ஒட்டிக்கொண்டது. 2017ல் என்விடியா ‘மேக்ஸ்-க்யூ’ என்ற பெயரில் 18 மில்லிமீட்டர் தடிமனில் கேமிங் லேப்டாப் என்று காட்டியது. கடையில் வாங்குகிறவர் கையில் எடுத்துப் பார்த்து மயங்குவது மெலிவில்தான். எட்டு வருடம் கழித்து என்னாகும் என்பதைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாதே!

5

நடுவில் ஒரு கம்பெனி மனம் மாறியதுபோலத் தெரிந்தது. 2019 ஜனவரியில் டெல், ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற லேப்டாப்பைக் கொண்டுவந்தது. உள்ளே டெஸ்க்டாப் ப்ராசஸர், கழற்றி மாட்டக்கூடிய ஜிபியு கார்டு. கார்டின் வடிவம் எம்எக்ஸ்எம் அல்ல; டெல் தானே வகுத்துக்கொண்ட தனி வடிவம். மேம்படுத்தலாம் என்பதே விளம்பரத்தின் மையம். அடுத்த வருடம் ஆர்டிஎக்ஸ் சூப்பர் தலைமுறை வந்தது. முதல் ஏரியா-51எம் வாங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2021ல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். ஸ்லாட் இருந்தும் அதில் செருகுவதற்குப் பொருள் வரவில்லை என்பதுதான் அவர்கள் மனக்குறை.

எனக்கு இந்தக் கதை முக்கியமாகப் படுகிறது. ஸ்லாட் என்பது வெறும் துளை அல்ல. இன்னும் செய்யப்படாத ஒரு பொருளுக்கு இன்றே கொடுக்கும் வாக்கு. ஒரே கம்பெனி துளையையும் செய்து, துளைக்கான பொருளையும் தான் மட்டுமே செய்வேன் என்றால், வாக்கு மாறுவதும் அந்தக் கம்பெனியின் இஷ்டம். ஐபிஎம்மின் ஸ்லாட் பிழைத்ததற்குக் காரணம் ஐபிஎம்மின் நல்ல மனசு அல்ல. கையேடு வெளியே வந்துவிட்டது, நூறு கம்பெனிகள் கார்டு செய்ய ஆரம்பித்துவிட்டன, இனி ஐபிஎம்மே நினைத்தாலும் அதை மூட முடியாது.

அதே பாடத்தைப் படித்தவர்போல வந்தது ஃப்ரேம்வொர்க். நீரவ் படேல் 2020ல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். 2023ல் அறிவித்த 16 அங்குல லேப்டாப்பின் பின்பக்கத்தில் ஜிபியு தனிப் பெட்டியாக மாட்டிக்கொள்ளும். முதலில் ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ். 2025 ஆகஸ்டில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 பெட்டியை அறிவித்தார்கள். பழைய லேப்டாப்பிலேயே மாட்டலாம். வேறு கம்பெனியின் சிப், அடுத்த தலைமுறை, அதே உடம்பு. அந்தப் பெட்டியின் இணைப்பு வரைபடங்களையும் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஆக, ‘தொழில்நுட்ப ரீதியாக முடியாது’ என்ற பழைய பதில் காலாவதியாகிவிட்டது.

6

இப்போது டாங்கிக்கு வருவோம். அது ஏன் முடிந்தது?

1939ல் சோவியத் ஒன்றியத்தில் வி-2 என்ற 12 சிலிண்டர் டீசல் இன்ஜினை உற்பத்திக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப் போரின் டி-34 டாங்கியை ஓட்டியது அதுதான். கொள்ளளவு கிட்டத்தட்ட 39 லிட்டர். டி-72ன் 780 குதிரைத்திறன் இன்ஜின் அதன் பேரப்பிள்ளை. ஆவடியிலேயே செய்யும் டி-90 டாங்கியின் 1,000 குதிரைத்திறன் இன்ஜினும் அதே வம்சம், அதே 12 சிலிண்டர், அதே கொள்ளளவு. 80 வருடத்துக்கு மேலாக உடம்பின் அளவைப் பெரிதாகக் கலைக்காமல் உள்ளேயே திருத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதனால்தான் பழைய வண்டிக்குள் புதியது இறங்குகிறது.

இன்னொரு காரணம், வாங்குகிறவர் யார் என்பது. ராணுவம் பொருளை வாங்கும்போதே உதிரிபாகம், வரைபடம், தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று எழுதி வாங்கிக்கொள்கிறது. டேங்க் ஃபேக்டரி 1961ல் அமைக்கப்பட்டு, 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு. பேரம் பேசும்போதே இந்தியாவில் செய்யும் உரிமையும் சேர்த்துப் பேசப்பட்டது.

ஆனால் டாங்கியின் கதையும் முழுக்க வெற்றிக் கதை அல்ல. ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1974ல் அனுமதி கிடைத்த திட்டம். வண்டி நம்முடையது, இன்ஜின் ஜெர்மனியின் எம்டியு செய்த 1,400 குதிரைத்திறன். இதயம் வெளியே இருக்கிறது என்பது எப்போதும் ஒரு கவலை. 2024 மார்ச் 20ஆம் தேதி மைசூரில் பெமல் வளாகத்தில் உள்நாட்டு 1,500 குதிரைத்திறன் இன்ஜினை முதன்முதலாக இயக்கிப் பார்த்தது அந்தக் கவலையின் நீட்சிதான். ஓர் அரசாங்கத்துக்கே உதிரிபாகம் இன்னொருவர் கையில் இருந்தால் இந்தப் பாடு என்றால், முத்தாபுதுப்பேட்டைப் பையன் எம்மாத்திரம்?

7

அவன் மாதிரியானவர்களுக்காகப் பேச சட்டம் இருக்கிறதா? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பர் 24ல் அதற்கான இணையதளமும் வந்தது. முதலில் அடையாளம் கண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். லேப்டாப் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை.

அது வந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். பழுதுபார்ப்பது என்றால் பொருளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. மேம்படுத்துவது என்றால் பழைய நிலையைத் தாண்டுவது. பையனின் லேப்டாப்பில் பழுதே இல்லை. காலம்தான் நகர்ந்துவிட்டது. அதில் இருப்பது மேக்ஸ்வெல் தலைமுறைச் சிப். அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் என்விடியா அறிவித்துவிட்டது. இதற்கு எந்தச் சர்வீஸ் சென்டரிலும் மருந்து கிடையாது.

சரி, அப்போ பழைய கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர் என்னதான் செய்வது? முதலில் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடி, ஜிபியு தனிக் கார்டா, போர்டில் பற்றவைத்ததா என்று பாருங்கள். தனிக் கார்டு என்றால், அதே மாடலுக்கு அந்தக் கம்பெனியே கொடுத்த உயர்ந்த கார்டு எதுவோ அதுவரை போவது பத்திரம். அதைத் தாண்டினால் பயாஸ் காலை வாரிவிடலாம். பற்றவைத்தது என்றால், வெளியே கார்டு வைக்கும் வழி ஒன்று உண்டு. தண்டர்போல்ட் 3 போர்ட் இருந்தால் நொடிக்கு 40 கிகாபிட். அது இல்லையென்றாலும், எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டில் பிசிஐ எக்ஸ்பிரஸின் நான்கு தடங்கள் இருக்கலாம். ஒரு கேபிள், ஒரு எஸ்எம்பிஎஸ், ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் கார்டு. டெஸ்க்டாப்பில் பதினாறு தடத்தில் ஓடுவது இங்கே நான்கில் ஓடும். கேமில் வேகம் ஓரளவு குறையும், ஆனால் பிளெண்டர் ரெண்டருக்கு அது பெரிய இழப்பு அல்ல. காட்சியை ஒருமுறை கார்டுக்குள் ஏற்றிவிட்டால் கணக்கெல்லாம் அங்கேயேதான் நடக்கும். பார்க்க அழகாக இருக்காது. தூக்கிக்கொண்டு திரியவும் முடியாது. வேலை நடக்கும்.

கவனித்தீர்களா, கடைசியில் காப்பாற்றுவது மறுபடியும் ஒரு பொது ஸ்லாட்தான். எஸ்எஸ்டிக்கென்று வைத்த துளையில் கிராபிக்ஸ் கார்டு மாட்டுவார்கள் என்று அதை வகுத்தவர்கள் திட்டமிடவில்லை. எட்டு ஸ்லாட் கேட்ட வோஸ்னியாக்குக்கு இது புரிந்திருக்கும்.

ராணுவத்திடம் பேரம் பேச ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது வாங்குகிற நிமிடம் மட்டும்தான். பணம் கொடுத்த பிறகு நம் குரலுக்கு எடை கிடையாது. ஆகவே அடுத்த முறை லேப்டாப் கடையில் விற்பனையாளர் எஃப்பிஎஸ் எத்தனை வரும் என்று பெருமையாகச் சொல்லும்போது, குறுக்கே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதுல நாளைக்கு எதையெல்லாம் கழட்டி மாத்தலாம்?” ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, வைஃபை கார்டு, ஜிபியு என்று ஒவ்வொன்றாக விரல் மடக்குங்கள். அவரிடம் பதில் இருக்காது என்பது தெரியும். பத்து பேர் கேட்டால் அவர் மேலே கேட்பார். ஆயிரம் பேர் கேட்டால் விளம்பரத்தில் வரும். இன்னும் அதிகம் பேர் கேட்டால்தான், வாக்காக மாறி, காகிதத்தில் ஏறும்.